"நான் நினைக்கவே இல்லை!" என்றால் போதுமா?

ஒரு மர்மச் சிறுகதை வாசிக்கப்படுகிறது. கடைசி வரியில் திடீர்த் திருப்பம். அரங்கில் கைதட்டல். "பிரமாதம், நான் நினைக்கவே இல்லை!" என்கிறார் ஒருவர். "இரண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்" என்கிறார் இன்னொருவர். எழுதியவர் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்? முதல் பேச்சு, அடுத்த கதையிலும் வாசகரிடம் கண்ணாமூச்சி ஆடச் சொல்லும். இரண்டாம் பேச்சு, ஆள் புதியவர் என்றால், பேனாவையே மூடி வைக்கச் செய்துவிடும்.

கதையை அலசிப் பேசுவது இந்த வட்டாரத் தமிழருக்குப் புதிதல்ல. 1950களின் தொடக்கத்திலேயே கோலாலம்பூர் 'தமிழ் நேச'னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். 1952இல் சிங்கப்பூர் 'தமிழ் முர'சில் 'ரசனை வகுப்பு' வந்தது. பெயரைக் கவனியுங்கள், ரசிப்பதற்கும் ஒரு வகுப்பு! 1977இல் நா. கோவிந்தசாமியின் 'இலக்கியக் களம்', பின்னாளில் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தரக் 'கதைக்களம்' என்று அந்தப் பழக்கம் தொடர்ந்தது.

ஆனால் மர்மக் கதையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. முதல் வாசிப்பு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்பாக இருந்தார். கருத்துச் சொல்ல வருபவரும் அந்தக் கண்டிப்போடு படிக்க வேண்டும். சந்தேகம் எழுந்த வரியில், எழுந்த அந்தக் கணமே, பென்சிலால் ஒரு கோடு. முடிவு தெரிந்த பிறகு "எனக்கு அப்போதே தெரியும்" என்பதில் பாதி பொய்!

ஓர் உதாரணத்துக்கு இப்படி ஒரு கதையை வைத்துக்கொள்வோம். பஃப்ளோ ரோட்டில் ஒரு பூக்கடை. வெள்ளிதோறும் ஒருவர் மல்லிகைச் சரம் வாங்குகிறார். யாரோடும் பேசுவதில்லை, பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். கடைக்கார அம்மாவுக்குப் பயம். கடைசியில் தெரிகிறது, பூ அவருடைய இறந்துபோன மனைவியின் படத்துக்கு.

"மனைவி காத்திருப்பாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்" என்று எழுத்தாளரே எழுதியிருந்தால் அது ஏமாற்று. அவர் மனத்துக்குத்தான் உண்மை தெரியுமே! அதையே அவர் வாய்விட்டு, "வீட்டில் காத்திருப்பாள், சீக்கிரம் கொடுங்கம்மா" என்று சொன்னால்? அது நியாயமான மர்மம். இரண்டாம் முறை படிக்கும்போது அந்த வரி நெஞ்சைச் சுடும். மாலை வாங்கினார் என்று எழுதினாலோ, எந்தத் தமிழ் வாசகருக்கும் உடனே விளங்கிவிடும். முழக் கணக்கில் கேட்காமல், ஒவ்வொரு வாரமும் இரண்டு கைகளையும் அகட்டி ஒரே அளவைக் காட்டுகிறார் என்றால்? அது படச்சட்டத்தின் அளவு என்பது பிறகுதான் உறைக்கும்.

இந்தக் குறிப்பு கடைசிப் பத்தியில்தான் வருகிறது என்றால் விமர்சகர் சொல்ல வேண்டியது ஒன்றே: "இதை முதல் பக்கத்துக்குக் கொண்டு போங்கள்." அதைச் சொல்லிவிட்டு, பென்சில் கோடு போட்ட அந்தப் பிரதியையும் எழுதியவர் கையில் கொடுத்துவிடலாம்.