முகம் காட்டாத எஞ்சின்

சேர்வராயன் மலைக்கு இருப்புப்பாதை இல்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே ஏற்காட்டை அடைதல் வேண்டும். மலையேறும் நீராவி எஞ்சினைப் படமெடுக்க விழையும் ஏற்காட்டு அன்பர் மேட்டுப்பாளையத்திற்கே செல்ல வேண்டியவராகிறார்.

அங்கிருந்து 1899இல் குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் அமைந்த பாதை 46 கிலோமீட்டர். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம் தொடங்குகிறது. ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், சுவிட்சர்லாந்து தந்த 'எக்ஸ்' வகை எஞ்சின் தன் பற்சக்கரத்தால் அதைக் கவ்வி ஏறுகிறது.

படமெடுப்பவரின் முதல் ஏமாற்றம் இங்கேதான். எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னின்று தள்ளுகிறது. பெட்டிகள் கழன்று பள்ளத்தில் உருளாதிருக்கவே இவ்வேற்பாடு. புகைபோக்கி மலையை நோக்கியிருப்பதால், ஏறும்போது எஞ்சினின் முகத்தைப் பெட்டிகள் மறைத்துவிடுகின்றன. இறங்கும்போதோ அது முதுகைக் காட்டிக்கொண்டு முன்னே வருகிறது. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்கையில் பக்கத்தோற்றம் கிட்டும். முகமே வேண்டுமென்பவர், பெட்டிகளைக் கழற்றிவிடும் குன்னூரில் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது ஆவியின் வெண்மை. வெயில் ஏறினால் அது காற்றில் கரைந்துபோகும். குளிர்ந்த காலையில்தான் திரண்டு நின்று படத்தில் விழும். அத்தகைய காலைகள் மிகுந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் மண்சரிவும் நேர்கிறது, வண்டியும் நின்றுபோகிறது. கருவியைத் தோளில் சுமந்து சென்றவர், நனைந்த வெறுந்தண்டவாளத்தை மட்டும் படமெடுத்துத் திரும்புவதும் உண்டு.