தீய்ந்த வாடை: போக்குவதும் பொருட்படுத்துவதும்

(நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பால் பொங்கி வழிந்து கருகுகிறது. குழம்பு அடிப்பிடிக்கிறது. குக்கரில் தண்ணீர் வற்றிப் பருப்பு தீய்ந்துபோகிறது. இது நடக்காத வீடு இங்கே இருக்காது. பாத்திரத்தை அன்றைக்கே தேய்த்துவிடுகிறோம். வாடை மட்டும் இரண்டு மூன்று நாள் போகாமல் நிற்கிறது. தனி வீடென்றால் அது நம் பாடு. அடுக்குமாடியில் அது ஷாஃப்ட் வழியாக மேல்வீட்டுக்கும், வாசல் வழியாக எதிர்வீட்டுக்கும் போய்விடுகிறது. அதை எப்படிப் போக்குவது என்று சொல்கிறேன். எப்போது அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாடை வந்ததும் முதலில் அடுப்பை அணையுங்கள். வாணலியில் எண்ணெய் தீப்பிடித்திருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் பட்டதும் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் சிதறடிக்கும். மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். எரியும் வாணலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடாதீர்கள். தீ அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே வந்து 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள்.

பால் பொங்கும்போது அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கலாம். கேஸ் வாடை வந்தால் அடுப்பின் குமிழையும் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூடி, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். எந்த சுவிட்சையும் தொட வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் போட வேண்டாம். வெளியே வந்த பிறகு 1906 எண்ணை அழையுங்கள். அது கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண்.

சமையல் கேஸுக்குத் தானாகச் சொல்லும்படியான வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் மெர்காப்டன் என்னும் பொருளைக் கலக்கிறார்கள். 1937ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்ற சட்டம் அதன் பிறகுதான் அங்கே வந்தது. வாடை நமக்கு வரும் எச்சரிக்கை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு வாடையைக் கவனிப்போம்.

தீய்ந்த வாடை காற்றில் மட்டும் இருப்பதில்லை. புகையில் கண்ணுக்குத் தெரியாத கரித்துகளும் எண்ணெய்ப் பசையும் இருக்கின்றன. அவை சுவரில், அலமாரிக் கதவில், மின்விசிறி இறக்கையில், திரைச்சீலையில் படிந்துவிடும். காற்று வெளியே போன பிறகும் அந்தப் படிவு கொஞ்சம் கொஞ்சமாக வாடையை விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே புகையை வெளியே தள்ள வேண்டும். படிந்ததைத் துடைக்கவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் போதாது.

புகையைத் தள்ள நம் ஊர்க் காற்றே உதவும். பகலில் நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று வீசுகிறது. அந்நேரத்தில் கிழக்கு ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வரும். மேற்கு ஜன்னல் வழியாக வெளியே போகும். இரண்டையும் திறந்து, மேற்கு ஜன்னல் அருகே ஒரு டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். இரவில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். ஃபேனையும் மாற்றி வையுங்கள். திசை தெரியாவிட்டால் ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். படுக்கையறைக் கதவுகளை மூடி வையுங்கள். ஏசி போட வேண்டாம். நம் வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. வாசற்கதவைத் திறந்தால் புகை நடைபாதைக்கும் மாடிப்படிக்கும்தான் போகும்.

தீய்ந்த சோற்றையோ குழம்பையோ சமையலறைக் குப்பைத்தொட்டியில் போட்டு வைக்காதீர்கள். பையில் கட்டி உடனே கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். பாத்திரம் ஆறியதும் அடிப்பிடித்த இடம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடா போட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு ஊற வையுங்கள். கருகல் இளகி வரும். அலுமினியப் பாத்திரத்துக்குச் சோடா ஆகாது, கறுத்துவிடும். அதற்குப் புளித் தண்ணீர் போதும். எவர்சில்வரில் மிச்சமிருக்கும் கறையை எலுமிச்சை மூடியில் கல் உப்பு தொட்டுத் தேய்த்தால் போய்விடும்.

அடுத்தது துடைப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு, அடுப்பு மேடை, டைல்ஸ், அலமாரிக் கதவு, ஃபேன் இறக்கை, சிம்னியின் வெளிப்பக்கம் எல்லாவற்றையும் துடையுங்கள். சிம்னி ஃபில்டரையும் ஏசி வலையையும் கழுவிக் காய வையுங்கள். குழாய் இல்லாத, கரி ஃபில்டர் வைத்த சிம்னி என்றால் அந்தக் கரியைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். திரைச்சீலை, சோபா உறை, கைத்துண்டு ஆகியவற்றைத் துவைத்து வெயிலில் போடுங்கள். ஒன்று முக்கியம்: பிளீச்சிங் பவுடரோடு வினிகரையோ ஆசிட்டையோ சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும்.

எது பயன் தராது என்பதையும் சொல்கிறேன். ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்பிரே மூன்றும் வாடையைப் போக்காது. மேலே இன்னொரு வாடையைப் போர்த்தும். முதல் இரண்டும் புகையையும் கூட்டும். உப்பளத்து ஊர் என்பதால், கிண்ணத்தில் கல் உப்பு வைத்தால் வாடையை இழுத்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் செய்கிறோம். கல் உப்பில் கொஞ்சம் மெக்னீசியம் உப்பும் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் உப்புச் சாடியில் தண்ணீர் விடுவது அதனால்தான். உப்பு இழுப்பது ஈரத்தை, வாடையை அல்ல. ஒரு தட்டில் ஆப்ப சோடாவைப் பரப்பி வைத்தால் புளிப்பு வாடையை ஓரளவு குறைக்கும். அதுவும் துடைத்த பிறகுதான்.

உப்பளத்திலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. மரக்காணத்துப் பாத்திகளில் உப்பு விளைவது வெயிலாலும் காற்றாலும்தான். வீட்டு வாடை போவதும் அவற்றால்தான். பாத்தியில் உப்பு வாரும் மாதங்களில் ஒரு பகலில் போகிற வாடை, மழை பெய்து பாத்திகள் மூழ்கும் மாதங்களில் நாலு நாள் நிற்கும். ஜன்னலைத் திறக்க முடியாது, துணி காயாது. வடக்கிலிருந்து வரும் காற்றுக்கும் வாடை என்றுதான் பெயர். அந்த மாதங்களில் இரண்டு வாடையும் சேர்ந்தே வருகின்றன. ஆகவே மழைக்காலத்தில் அடுப்பு எரியும்போது சமையலறையை விட்டு நகராமல் இருப்பதுதான் நல்ல வழி. நகர வேண்டியிருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள். மாடிக் குடியிருப்புகள் நிறைந்த சிங்கப்பூரில் வீட்டுத் தீ விபத்துகளின் முதன்மைக் காரணங்களில் ஒன்று, கவனிக்காமல் விட்ட சமையல் என்று அந்நாட்டுக் குடிமைத் தற்காப்புப் படை ஆண்டுதோறும் சொல்லிவருகிறது.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் முக்கியமாகப் பேச வந்தேன்.

ஒரே வாடையில் சிறிது நேரம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகிவிடும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. நடைபாதையில் போகிறவருக்குத் தெரியும். வயது ஏற ஏற மோப்பம் குறையும். கொரோனாவுக்குப் பிறகு முழுதாகத் திரும்பப் பெறாதவர்களும் உண்டு. நம் பிளாக்குகளில் பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலிருந்து தீய்ந்த வாடை வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து போகாதீர்கள். குழுவில் புகார் போடவும் வேண்டாம். கதவைத் தட்டி, "அம்மா, அடுப்பில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் காவலாளியைக் கூப்பிடுங்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் போன் செய்யுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடிப்பிடித்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஊதுபத்தி ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டால், உதவிக்கு வரக்கூடியவருக்கும் தெரியாமல் போய்விடும். அடுப்பில் வைத்தது அடிக்கடி மறந்துபோகிறது, அல்லது வாடையே தெரிவதில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிலருக்கு மறதி நோய்க்கும் பார்கின்சன் நோய்க்கும் அது தொடக்க அறிகுறியாக இருக்கலாம். பிள்ளைகள் திட்டாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு தளத்திலும் தனியாக இருப்பவர்களின் பிள்ளைகளுடைய எண்களை, அவர்கள் சம்மதத்தோடு, பக்கத்து வீடு ஒன்றில் கொடுத்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்துக்கு முன்பே இதைச் செய்து முடித்துவிடுவோம்.