கண்ணில் தங்கும் மருந்து
(நமது டிரஸ்ட்டின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





இன்று ஒரு சொட்டு மருந்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். நம் மஹல்லாவில் பெரியவர் ஒருவருக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா. மருத்துவர் புதிதாக ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். விட்டதும் கண்ணில் ஏதோ கூழ் போல ஒட்டுகிறது, பார்வை மங்குகிறது, இது கெட்டுப்போன மருந்து என்று எண்ணி அவர் நிறுத்திவிட்டார். வீட்டாரிடமும் சொல்லவில்லை. பல மாதம் கழித்துப் பரிசோதித்தபோது பக்கப் பார்வை வெகுவாகக் குறைந்திருந்தது. இந்நோயில் போன பார்வை திரும்பாது. மருந்து கெடவில்லை, அதன் தன்மையை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அந்தக் குறையில் நமக்கும் பங்குண்டு.

சாதாரணச் சொட்டு மருந்தைக் கண்ணீர் சில நிமிடங்களில் கழுவிவிடும். கன்னத்தில் வழியும், மூக்கு வழியே தொண்டைக்கு இறங்கும். 100-க்கு 5 பங்குகூடக் கண்ணுக்குள் சேராது. ஆகவேதான் டிமோலால் என்ற மருந்துடன் ஜெல்லன் கம் என்னும் பிசினைச் சேர்க்கிறார்கள். அது நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்க வைத்து எடுப்பது. பாட்டிலில் திரவமாக இருக்கும்; கண்ணீரின் உப்பு பட்டதும் கூழாகி, கண்ணின் ஈரத்தில் தங்கி, மருந்தை மெல்ல மெல்ல விடும். வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில பசைகள் எச்சிலில் கரைந்து ஓடாமல் ஒட்டி நிற்பதும் இவ்வகைதான். வழக்கமாக 2 வேளை விடும் டிமோலாலை இந்த வடிவில் 1 வேளை விட்டால் போதும். மங்கலும் அந்தக் கூழால் வருவதே. சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை:

பாட்டிலைக் கவிழ்த்து ஒரு முறை குலுக்கிய பிறகே விட வேண்டும். வேறு சொட்டு மருந்து இருந்தால் அதை முதலில் விட்டு, 10 நிமிடமாவது கழித்து இதை விட வேண்டும். பார்வை தெளியும்வரை வண்டி ஓட்டக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அதை முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோன்பு காலத்தில் யாரும் தாமாக மருந்தை நிறுத்த வேண்டாம். விடும் நேரத்தை மருத்துவரிடமும், மார்க்க ஐயத்தை ஆலிம்களிடமும் கேட்டுத் தெளிவோம்.

இன்றிரவு வீட்டிலுள்ள வாப்பா, உம்மாவிடம், "கண் மருந்து விட்டீர்களா?" என்று அன்போடு கேட்போம். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக. ஆமீன்.