சைக்கிளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு என் வேலை. ஆகவே உங்கள் எல்லாரிடமும் இருக்கும் ஓர் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறேன். அதுதாங்க, சைக்கிள்!

2001-இல் தமிழக அரசு பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு மாணவர்களுக்கும் வந்தது. என்னைப் போன்ற பலர் பிளஸ் ஒன்னில் கிடைத்த அந்தச் சைக்கிளில்தான் ஊரைத் தாண்டினோம். ஓட்டக் கற்றுக்கொண்டோம், பராமரிக்க யாரும் சொல்லித் தரவில்லை.

இன்று காலை நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு வரிசையைப் பார்த்தேன். பாதி வண்டிகளில் காத்தே இல்லை. செயின் எல்லாம் துரு. அதுகூடப் பரவாயில்லை. மூன்று வண்டிகளில் பிரேக் கட்டை தேய்ந்து, இரும்பு ரிம்மில் உரசுது! மழையில் நனைந்த ரிம்மை நல்ல கட்டையே தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டுக்கு வெளியே பஸ் போகும் ரோடு என்பதை மறந்துடாதீங்க.

கோட்டம் எடுக்க, ஓவராயில் செய்ய மெக்கானிக்கிடம் போங்க. மற்றதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

வாரம் ஒருமுறை காத்தடிங்க. எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே போட்டிருக்கும். காத்து குறைந்தால் மிதிப்பது கனம். பள்ளத்தில் இறங்கினால் டியூப் நசுங்கிப் பஞ்சராகும்.

செயினைப் பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்க. வெளியே வழிவதைத் துடைச்சிடுங்க. எண்ணெய் தேவைப்படுவது உள்ளே இருக்கும் பின்னுக்குத்தான். வெளியே நின்றால் மண்ணைத்தான் சேர்க்கும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். அதற்குமேல் எட்டில் ஒரு அங்குலம் நீண்டிருந்தால் மாத்திடுங்க. இல்லாட்டி பல்சக்கரத்தையும் தின்னுடும்.

கிளம்பும் முன் ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்க. சக்கரம் உருண்டால் அன்னிக்கு நடந்தே போங்க.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். சங்கத்தின் சார்பில் ஸ்டாண்டில் ஒரு பம்பு, ஸ்பானர் செட், ஆயில் கேன், சில ஜோடி பிரேக் கட்டை வைப்போம். பம்பும் ஸ்பானரும் என் பொறுப்பு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் வந்து கூட நிற்கிறேன். கை கறுப்பாகும், தம்பிகளா! சோப்பும் நானே கொண்டு வர்றேன்.