வாசலில் ஒரு வாளி ஸ்ட்ரோபெரி
(மாதர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "ஐயா, நுவரெலியா ரோட்டுல டப்பாவில வெச்சு விக்கிற அந்தச் சிவப்புப் பழம் நம்ம லயத்துல காய்க்குமா?" காய்க்கும். 4,000 அடிக்கு மேலே குளிர் உள்ள தோட்டங்களில் நன்றாகவே காய்க்கும். இரத்தினபுரிப் பக்கத்து உறவுக்காரருக்குக் கன்று கொடுத்துவிடாதீர்கள். அந்தச் சூட்டில் இலைதான் மிஞ்சும்.

நிலம் எங்கே என்று கேட்பீர்கள். நிலம் வேண்டாம், வாளி போதும். லயத்து வாசல் நம்ம பேரில் இல்லை. நாளைக்குக் கான் வெட்ட வேண்டும் என்றால் நட்டதெல்லாம் போய்விடும். வாளியில் இருந்தால் தூக்கி மற்றப் பக்கம் வைத்துவிடலாம்.

ஓட்டை விழுந்த வாளி, பழைய பேசின், அரிசிப் பை, எதுவும் சரி. 8 அங்குல ஆழம் இருக்க வேண்டும், அடியில் 5, 6 துளை போட வேண்டும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். புல்லுக்கு அடிக்கிற மருந்து வந்த கேனை வெட்டி அதில் நடவே கூடாது. எத்தனை தரம் கழுவினாலும் மருந்து பிளாஸ்டிக்கில் ஊறிப்போய் இருக்கும். பழத்தைச் சாப்பிடப் போவது நம்ம பிள்ளைகள். அந்தக் கேனில் தண்ணீர் பிடித்து வைக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறோம். தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள்.

மண் 2 பங்கு, மக்கிய சாணம் அல்லது கொம்போஸ்ட் 1 பங்கு, தும்புத்தூள் 1 பங்கு. நம்ம தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது பிடிக்கும், ஸ்ட்ரோபெரிக்கு அவ்வளவு பிடிக்காது. ஆகவே ஒரு வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி டொலமைட் கலக்குங்கள். மலையில் போடுகிற அதே டொலமைட்தான். (ஸ்டோரில் கேட்டு வாங்குங்க. சும்மா எடுத்துட்டு வந்து எங்க பேரைச் சொல்லிடாதீங்க!)

நடுவதில்தான் முக்கிய விஷயம் இருக்கிறது. முதல் தடவை ஒரு தோட்டத்தில் கன்று கொடுத்தபோது, கொட்டுகிற ஜூன் மழையில் கொடுத்தோம். நட்டுக் காட்டவும் இல்லை. மிளகாய்க் கன்று மாதிரி கழுத்துவரை புதைத்துவிட்டார்கள். 2 கிழமையில் பாதிக்கு மேல் அழுகிப்போச்சு. பிழை எங்களுடையது. இலைகள் புறப்படுகிற நடுக் குருத்து மண்ணுக்குச் சரிமட்டமாக நிற்க வேண்டும். புதைந்தால் அழுகும், வேர் வெளியே தெரிந்தால் காயும். ஒரு வாளிக்கு 2 கன்று போதும்.

வெயில் 6 மணித்தியாலமாவது படுகிற இடமாக, தகரத்துத் தண்ணீர் நேரே விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். காலையில் மண்ணில் ஊற்றுங்கள், இலையில் ஊற்ற வேண்டாம். காய்ந்த மானாப்புல்லைக் கன்றைச் சுற்றிப் பரப்பினால் பழம் மண்ணில் படாது. ஈரத்தில் கிடந்தால் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடிக்கும். அப்படிப் பிடித்ததை உடனே கிள்ளித் தூரப் போடுங்கள். தை, மாசியில் உறைபனி விழுகிற இடங்களில் இரவுக்கு ஒரு சாக்கு மூடுங்கள்.

முதல் வருகிற பூக்களைக் கிள்ளிவிட வேண்டும். மனசு கேட்காதுதான். ஆனால் வேர் பிடிக்க அது வேணும். பிறகு வருகிற பூவிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் பழம். முழுக்கச் சிவந்த பிறகே காம்போடு பறியுங்கள். பறித்து வைத்தால் வாழைப்பழம் மாதிரிப் பழுக்காது.

3, 4 வாளியில் கடைக்குக் கொடுக்கிற அளவு வராது. பிள்ளைகளுக்கு வரும். கிளினிக்கில் நம்ம பெண்களுக்கு இரத்தம் குறைவு என்று எத்தனை தரம் சொல்லிவிட்டார்கள்! இந்தப் பழத்தில் உள்ள விற்றமின் சி, கீரையில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்க உதவும். கொய்யாவில் அது இன்னும் அதிகம், மரம் இருந்தால் விடாதீர்கள். சாப்பிட்ட உடனே பிளேன்டீ குடிக்கிற பழக்கம் அந்தச் சத்தைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்தில் 6 வாளி வைத்திருக்கிறோம். அதில் ஓடுகொடி வரத் தொடங்கிவிட்டது. கொடியின் நுனிக் கன்றைச் சின்ன மண்பையில் பதித்து வைத்தால் 4 கிழமையில் வேர் விடும், பிறகு வெட்டிப் பிரிக்கலாம். வேண்டியவர்கள் மண் நிரப்பிய பையோடு ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள். இந்தத் தடவை நட்டுக் காட்டித்தான் கொடுப்போம்.