அத்தையின் கழுத்தை அறுத்த பெல்ட்



போன மாதம் மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு வாடகைக் காரில் போனோம். முன் சீட்டில் எங்கள் அத்தை. எழுபது வயது, ஐந்தடிக்குச் சற்றே குறைவு. நடவுக்கும் களைக்கும் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவர். சீட் பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன். தோளில் படிய வேண்டிய பட்டை கழுத்தை அறுத்தது. இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பட்டை, புடவைக் கொசுவத்துக்கு மேலேறி வயிற்றில் கிடந்தது. வடுவூர் வருவதற்குள் மேல்பட்டையை எடுத்து அக்குளுக்கடியில் விட்டுக்கொண்டார். பதறிப்போனேன். அப்படிப் போட்டால் மோதலில் முழு வேகமும் விலா எலும்பில்தான் இறங்கும்.

அத்தை மேல் தப்பே இல்லை; காரைச் சோதிப்பதே வேறோர் உடம்பை வைத்துத்தான். 2023 அக்டோபரில் நடப்புக்கு வந்த பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் காரை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதவிடுகிறார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பொம்மை மனிதர்: 175 சென்டிமீட்டர் உயரம், 78 கிலோ எடை. 1970களில் அமெரிக்க ஆணின் சராசரி உடம்பை வைத்துச் செய்த வார்ப்பு அது. உலகில் புழங்கும் சிறிய பெண் பொம்மையும் அந்த ஆணைச் சுருக்கியதுதான். பெண்ணின் சராசரி உடலை ஒட்டிய பொம்மை, 162 சென்டிமீட்டரில், சுவீடனில் 2022இல்தான் வந்தது.

ஆளுக்கொரு பொம்மை செய்து மாளாது. கணினியில் முடியும். டொயோட்டா 2000இல் வெளியிட்ட தம்ஸ் என்ற மனித உடல் மாதிரியில் எலும்பும் தசையும் லட்சக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு வளையும், எப்போது முறியும் என்று கணக்காகின்றன. பிற்பாடு ஈரல், மண்ணீரலும் சேர்ந்தன. 2021 முதல் அதை யாரும் இலவசமாகப் பெறலாம். மாதிரியின் உயரம், வயது, உட்காரும் விதத்தை மாற்ற பைப்பர் என்ற திறந்த மென்பொருள் இருக்கிறது. அதை உருவாக்கியதில் டெல்லி ஐ.ஐ.டி.க்கும் பங்குண்டு. வாலிபருக்குக் கன்றிப்போவதோடு நிற்கும் அதே பெல்ட் இழுப்பில், முதியவரின் தேய்ந்த விலா முறியும். அதை ஓர் உயிரையும் பணயம் வைக்காமல் திரையில் பார்த்துவிடலாம்.

ஆனால் அளவு நம்முடையதாக இருக்க வேண்டுமே! நடவு நட்ட முதுகை யாராவது அளந்து கொடுத்தால்தானே கணினிக்கு அது தெரியும்? ஒரகடத்தில் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே மோதும் காரில் எங்கள் அத்தையின் உடம்பும் கணக்கில் ஏற வேண்டும் என்று கேட்கிறேன்.

திரும்பும்போது டிரைவர் தம்பி, "இருங்கம்மா" என்று கதவுத்தூணில் இருந்த பெல்ட்டின் மேல்பிடியை அழுத்தி நாலு விரற்கடை இறக்கினார். பட்டை கழுத்தை விட்டு விலகித் தோளில் படிந்தது. கீழ்ப்பட்டையை மட்டும் அத்தை, மன்னார்குடி வரும்வரை, தொடைப்பக்கம் கையால் இழுத்துப் பிடித்தபடியே வந்தார்.