நண்டு ஏறும் ராத்திரி விமானம்

விமானத் தடங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அதனால் நண்டிலிருந்துதான் தொடங்குவேன்.

பழவேற்காடு ஏரியிலும் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கழிகளிலும் கிடைக்கிற கழிநண்டு உயிரோடு போனால்தான் காசு. கொடுக்குகளைக் கயிற்றால் இறுகக் கட்டுவார்கள். வியாபாரி அடிப்பக்கத்து ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் சதை பிடிக்காத தண்ணி நண்டு, ஒதுக்கிவிடுவார். தேறியது ஈரச் சாக்கோடு துளையிட்ட பெட்டிக்குள் போகும். ஈரம் காயாவிட்டால் சில நாள் தாங்கும், ஆனால் நேரம் ஆக ஆக எடை இறங்கும். பக்கத்திலேயே காட்டுப்பள்ளித் துறைமுகம், 2013 முதல் கன்டெய்னர் கப்பல்கள் வந்து போகின்றன. கப்பலில் ஏற்றினால் போய்ச் சேருவது வெறும் ஓடுதான்! அதனால் வாசலில் இருக்கிற துறைமுகத்தை விட்டுவிட்டு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு வண்டி பிடிக்கிறார்கள்.

அங்கே நண்டுக்கென்று தனி விமானமா பறக்கிறது? பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் இடம். மேலே வேலைக்குப் போகிற பிள்ளைகள், பேரனைப் பார்க்கப் போகிற பாட்டிகள். அவர்கள் வாங்கிய டிக்கெட்டில்தான் அந்தத் தடமே ஓடுகிறது. ராத்திரி ஏறினால் நாலு மணி நேரத்துச் சொச்சத்தில் சிங்கப்பூர். காலையில் அங்கிருந்து ஹாங்காங், தைபே என்று எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. பத்து ஊர்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 தடங்கள் வேண்டும். ஓர் ஊரை நடுவில் வைத்தால் 9 போதும். வரவேண்டியவை கூட்டமாக வந்து இறங்க, போகவேண்டியவை கொஞ்சம் பொறுத்துக் கிளம்பும்படி அட்டவணை போடுவார்கள். சிங்கப்பூரும் துபாயும் அப்படி வளர்ந்தவை. கராச்சியிலிருந்து டாடாவின் தபால் விமானம் 1932லேயே சென்னைக்கு வந்துவிட்டது. ஆனாலும் நம் ஊர் இன்னும் அடுத்தவர் நடுவூருக்கு ஆளும் சரக்கும் அனுப்புகிற ஊர்தான்.

நண்டுக்குக் கிராக்கி ஏறும் சீனப் புத்தாண்டு நெருங்கினால் எனக்குத் தூக்கம் போச்சு. "சார், இன்னிக்கு ஃபிளைட்ல இடம் இருக்கா?" என்று கழிக்கரையிலிருந்து வியாபாரிகள் போன் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பதில் சொல்கிறவரை கரையில் விலை சொல்ல மாட்டார்கள். பெரிய விமானத்துக்குப் பதில் சின்னது வந்துவிட்டால் பயணிகளின் பெட்டிக்குத்தான் முதல் இடம். நண்டு கிடங்கிலேயே கிடக்கும், மறுநாள் கரையில் விலை சரியும். வலை போட்டவருக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்களுக்கு 2020 மார்ச்சில் விடை கிடைத்தது. கொரோனாவால் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. கழியில் நண்டு இருந்தது, கரையில் வாங்க ஆளில்லை.

மணி அடிக்கப் பார்க்கிறார்கள். பரந்தூரில் சென்னைக்குப் புது விமான நிலையம் வந்தால் காட்டுப்பள்ளி நண்டுக்குத் தரைப்பயணம் இன்னும் நீளும். அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்து யாராவது சிங்கப்பூர் விமானத்துக்கு நேரம் குறித்தால் சந்தோஷப்படுவேன்.